நம்மை உறங்கவிடாத சிறுகதை மன்னர்

சென்ற ஐப்பசி மாதத்து மாலைப் பொழுது ஒன்று. மேற்கே மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியாதபடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டும் வீடு திரும்ப வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் மாணவியரும் ராஜபாளையத்து மாணவியருமாக நாங்கள் முப்பது பேர் வகுப்பறையிலேயே தங்கிவிட்டோம். சிறிது நேரத்தில் மின்சாரமும் நின்றது. எங்கள் தமிழம்மா மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, தம் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவர் படித்த கதை புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’.

கதை முடிந்தபோது எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. காற்றில் ஜன்னல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. அடுத்த கணம் ஐந்து பேர் அமரும் பெஞ்சில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்!

மறுநாள் காலையிலேயே எங்களுள் ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்துவிட்டார். மகள் இரவு முழுவதும் விளக்கை அணைக்க விடவில்லையாம். படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு இப்படிப் பயமுறுத்தும் கதைகள் எதற்கு என்பது அவரது கேள்வி. தலைமையாசிரியை சிஸ்டர் அவர் சொன்னதைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டார். பின்னர் எங்களை அழைத்து, கதையை விரும்பிக் கேட்டவர்கள் நாங்களே என்பதால் அந்தக் கேள்விக்கு விடையையும் நாங்களே தேடி ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று பணித்தார். விடை தேடப் புகுந்த நாங்கள், முதலில் அந்தக் கதையை எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டோம். அதையே இங்கே எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

புதுமைப்பித்தன் என்பது புனைபெயர். இயற்பெயர் விருத்தாசலம். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் சொந்தச் சீமை திருநெல்வேலியே ஆயினும், தந்தையார் அரசாங்கத்தில் தாசில்தாராகப் பணியாற்றியமையால் செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று ஊர் ஊராக மாற வேண்டியிருந்தது. எட்டு வயதில் அன்னையை இழந்தார். தாயற்ற பிள்ளையாக வளர்ந்த அந்தத் தனிமை அவர் எழுத்தில் கடைசிவரை ஒரு நிழலாகத் தொடர்ந்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

1918இல் தந்தையார் ஓய்வு பெற, குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே யோவான் ஸ்தாபனப் பள்ளியில் பயின்று, பின்னர் இந்துக் கல்லூரியில் சேர்ந்து 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பாடப் புத்தகங்களைவிட ஆங்கிலக் கதை நூல்களையே அவர் மிகுதியும் விரும்பினார். பட்டம் பெறும்போது அவருக்கு வயது 25 என்பதை நம் தோழியர் கவனிக்க வேண்டும். ஆனால் பின்பற்ற வேண்டாம்!

நம் ஊருக்கும் அவருக்கும் உள்ள ஓர் உறவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்தபோது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் அது பிரிந்து சென்றது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் தோன்றியது. அதனால்தானோ என்னவோ, அவர் கதைகளில் வரும் நெல்லைப் பேச்சு நமக்கு அயலாகத் தோன்றுவதில்லை. அவருடைய கதைமாந்தர் சிலரின் பேச்சைப் படித்துக் காட்டியபோது, எங்கள் ஆச்சிமார் அது தங்கள் தெருப் பேச்சு என்றே சொன்னார்கள்.

எழுத்துலகில் நுழைவு

1932இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாரை மணந்தார். அரசாங்க வேலை தேடிப் போகாமல் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். டி.எஸ். சொக்கலிங்கம் நடத்திய ‘காந்தி’ இதழில் 1933இல் அவருடைய எழுத்து முதன்முதலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ‘மணிக்கொடி’ இதழில் அவர் கதைகள் தொடர்ந்து வந்தன. அந்நாளில் தமிழில் சிறுகதை என்பது இளஞ்செடி. அச்செடிக்கு நீர் வார்த்தவர்கள் பி.எஸ். ராமையா, கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி முதலியோர். அவர்களுள் படிப்பவரை அதிகமாகச் சங்கடப்படுத்தியவர் புதுமைப்பித்தன் எனின் மிகையாகாது.

சென்னை வாழ்க்கை அவருக்குச் சுகமாக அமையவில்லை. ‘ஊழியன்’ இதழில் சில காலம் இருந்தார். பிறகு ‘தினமணி’ நாளிதழில் சேர்ந்து 1943 வரை உழைத்தார். அதன்பின் ‘தினசரி’. பகலெல்லாம் செய்திகளை மொழிபெயர்ப்பதும், கிடைத்த நேரத்தில் கதை எழுதுவதுமாகப் பொழுது கழிந்தது. மாதக் கடைசியில் கையில் காசு இராது. எழுத்தாளன் ஒருவன் ஒரு நாளைக் கடன் வாங்கிக் கழிப்பதை ‘ஒரு நாள் கழிந்தது’ என்ற கதையில் சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறார். சிரித்து முடித்தபின் தொண்டையில் ஏதோ அடைப்பது போல் இருக்கிறது. சொந்த வறுமையை அறிந்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

இத்தனை இடுக்கண்களுக்கிடையில் அவர் எழுதிய சிறுகதைகள் ஏறத்தாழ 100. பிறநாட்டுக் கதைகள் பலவற்றையும் தமிழாக்கினார். மேரி ஷெல்லி என்னும் ஆங்கில நங்கை தம் இளவயதில் எழுதிய புகழ்பெற்ற ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. உலகத்தையே நடுங்க வைத்த அக்கதையை எழுதியவர் ஒரு பெண் என்பது எங்களில் பலருக்கு இப்போதுதான் தெரிந்தது.

திடுக்கிட வைக்கும் முடிவின் இரகசியம்

கடைசி வரியில் நம்மைத் திடுக்கிட வைக்கும் கதைகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் ஓ. ஹென்றி, பிரான்சில் மாப்பசான் ஆகியோர் இதில் கைதேர்ந்தவர்கள். மாப்பசான் 1884இல் எழுதிய ‘நெக்லஸ்’ கதையை ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பர். ஏழைக் குமாஸ்தாவின் மனைவி ஒருத்தி, விருந்துக்குப் போகத் தோழியிடம் வைர அட்டிகையை இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். கடன்பட்டு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கப் பத்தாண்டுகள் பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் அழகையும் இளமையையும் இழக்கிறாள். கடைசியில்தான் தெரிகிறது, அவள் இரவல் வாங்கியது வெறும் போலி நகை என்று!

இக்கதையை நாங்கள் இரண்டாம் முறை படித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. தோழி அந்த நகையைச் சற்றும் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். நகைப்பெட்டியில் பெயர் பொறித்திருந்த கடைக்காரர், பெட்டி மட்டுமே தம்முடையது, நகையைத் தாம் விற்கவில்லை என்கிறார். திருப்பிக் கொடுத்தபோது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முடிவு நம் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. ஆசிரியர் நம்மை ஏமாற்றவில்லை; நம் அவசரமும் நம் நினைப்புமே நம்மை ஏமாற்றின. நல்ல திடீர் முடிவுக்கும் வெறும் தந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தந்திரம் ஒருமுறையோடு தீர்ந்துவிடும். நல்ல முடிவோ நம்மைக் கதையின் முதல் வரிக்கே திருப்பி அனுப்பும்.

பேய்க்கதை நமக்குப் புதிதன்று. ஆச்சியும் அப்பத்தாவும் அவ்வாவும் சொல்லாத பேயா? புளியமரத்து முனியும், ஊருணிக் கரையில் நள்ளிரவில் கேட்கும் கொலுசுச் சத்தமும் நம் பிள்ளைப் பருவத்துத் தோழர்கள் அல்லவா? ஆனால் பாட்டி கதையில் பேய் வெளியே இருக்கும். கோழி கூவினால் ஓடிவிடும். ‘காஞ்சனை’யில் அப்படியில்லை. நள்ளிரவில் எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது. பிச்சை கேட்டு ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள். இரக்கப்பட்ட இல்லத்தரசி அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டுக்காரர் ஓர் எழுத்தாளர். அவருக்கு மட்டும் அச்சம் வளர்கிறது. வந்தவள் பேயா, அல்லது எல்லாம் அவருடைய மனப் பிராந்தியா? ஆசிரியர் கடைசிவரை சொல்லவேயில்லை. விடையை நம் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். எங்கள் தோழி விளக்கை அணைக்க மறுத்தது இதனால்தான்.

பேயினும் பெரிய அச்சம்

ஆயினும் புதுமைப்பித்தனை வெறும் பேய்க்கதை ஆசிரியர் என்று எண்ணினால் அது பெரும் பிழை. ‘காஞ்சனை’க்குப்பின் தமிழம்மாவிடம் கேட்டு நாங்கள் படித்த பிற கதைகளில் பேய் இல்லை, அச்சம் மட்டும் இருந்தது.

‘மனித யந்திரம்’ என்றொரு கதை. ஒரு கடையில் பல்லாண்டுகளாகக் கணக்கெழுதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஓர் இரவு கடைப்பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடத் துணிகிறார். ரயில் நிலையம் வரை சென்றும்விடுகிறார். படிக்கும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. பிடிபடுவாரா, தப்புவாரா? இரண்டும் இல்லை. திரும்பி வந்து பணத்தை வைத்துவிட்டு, தாம் செலவழித்த சில்லறையைத் தம் பற்றாகவே கணக்கில் எழுதிவிடுகிறார்! திருடவும் முடியாதபடி பழகிப்போன கை. அவருடைய நேர்மையைப் போற்றுவதா, அவர் நிலைக்கு அழுவதா என்று தெரியாமல் திகைத்துப் போனோம். நம் ராஜபாளையம் கடைத்தெருவில் அந்தி விளக்கின்கீழ் குனிந்து பேரேடு எழுதும் பெரியவர்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே நடக்கின்றோம்.

1943இல் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ பெண்பிள்ளைகளாகிய நாம் அவசியம் படிக்க வேண்டிய கதை. கல்லாய்க் கிடந்த அகலிகை இராமனின் திருவடி பட்டுப் பெண்ணானாள் என்பது எல்லாரும் அறிந்த புராணம். புராணம் முடிந்த இடத்தில் இவர் கதையைத் தொடங்குகிறார். சாபம் நீங்கியும் ஊராரின் பார்வை அவளை வாட்டுகிறது. பின்னொரு நாள் சீதை வந்து, தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சொல்கிறாள். தன்னை மன்னித்த இராமனே தன் மனைவியைத் தீயில் இறங்கச் சொன்னானா என்று அகலிகை திகைக்கிறாள். முடிவில் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்பதை ஆசிரியரே உணர்ந்து கதையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். எங்களுக்குள்ளும் இது பற்றி வாதம் எழுந்தது. காவியத்தை இப்படி மாற்றலாமா என்றனர் சிலர். மன்னிப்புப் பெற்ற ஒருத்தியை உலகம் மன்னிக்க மறுப்பது இன்றும் நடக்கவில்லையா என்றனர் சிலர். வாதம் முடியவில்லை. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும் வழியில், எங்கள் தெருக்களில் யாரைப் பற்றியெல்லாம் நாங்களே புறம் பேசியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். பேய்க்குப் பயந்தபோது ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்தோம். இதற்குப் பயந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் எப்போதும் அழ வைப்பவர் என்றும் எண்ண வேண்டாம். ‘காலனும் கிழவியும்’ கதையில் உயிர் கவர வந்த எமன், ஒரு கிராமத்துக் கிழவியின் வாய்ச் சாமர்த்தியத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்புகிறான். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வந்த கடவுளையே பிள்ளைவாள் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார்! சிரித்துக்கொண்டே போனால், மனிதரோடு ஒரு நாள் வாழ்வதுகூடக் கடவுளுக்கு முடியவில்லை என்ற இடம் வருகிறது. சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது.

குறையும் நிறையும்

பெரியோரின் வாழ்வை எழுதும்போது நிறையை மட்டும் கூறி முடித்தல் நேர்மையன்று. புதுமைப்பித்தனின் நாவும் பேனாவும் மிகக் கூர்மை. நண்பர்களையும் அவை விட்டுவைக்கவில்லை. பிறநாட்டுக் கதைகளை ஊரும் பேரும் மாற்றித் தழுவி எழுதுவதை அவர் கண்டித்தார். ஆயினும் தொடக்கக் காலத்தில் அவரே மாப்பசானின் சில கதைகளைத் தழுவி எழுதியிருந்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர் கதைகளில் சில கசப்பு மிகுந்தவை. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. எதை எப்போது படிக்கலாம் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் தேர்ந்து தருவதே முறை. அந்தத் தாயாரின் கவலையில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

எதிர்பாராத முடிவு

நாற்பது வயதை எட்டும்வேளையில் அவர் பார்வை திரைப்படத்தின்பால் சென்றது. ‘ஔவையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கு எழுதினார். பின்பு தம் தாயின் பெயரை நினைவூட்டும் வகையில் ‘பர்வதகுமாரி’ என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். எட்டு வயதில் இழந்த அன்னையை அவர் மறக்கவில்லை. படம் முயற்சி அளவிலேயே நின்றுபோனது; கடன்தான் மிஞ்சியது.

1946இல் மகள் தினகரி பிறந்தாள். கைக்குழந்தையையும் மனைவியையும் திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டு, தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதுவதற்காக அவர் தொலைதூரத்துப் புனே நகருக்குப் போனார். குடும்பத்துக்கு நல்ல காலம் பிறக்கும் என்ற நம்பிக்கையோடு போனவர், காசநோயோடு திரும்பினார். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. மாப்பசானும் மறைந்தது 42ஆம் வயதில்தான். கடைசி வரியில் பிறரைத் திடுக்கிட வைத்தவரின் வாழ்வும் இப்படி எதிர்பாராமல் முடிந்தது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அவருடைய இளைய நண்பர் ரகுநாதன் 1951இல் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். அவர் சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் கமலா அம்மையாருக்கு எழுதிய கடிதங்களும் பின்னாளில் நூலாயின. கமலா அம்மையாரும் சிறுகதைகள் எழுதியவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2002இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. வாழ்ந்தபோது காசுக்குத் தவித்தவரின் எழுத்து இன்று எல்லாருக்கும் பொதுச் சொத்து.

முடிவுரை

பயமுறுத்தும் கதை எதற்கு? எங்களுக்குக் கிடைத்த விடை இது. நாம் எல்லாவற்றையும் அறிந்துவிட்டதாக எண்ணி வாழ்கிறோம். இவர் நல்லவர், அவள் கெட்டவள், இதன் முடிவு இதுதான் என்று முன்னரே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நல்ல கதையின் கடைசி வரி அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடுகிறது. மீண்டும் முதலிலிருந்து, சற்று அன்போடும் கவனத்தோடும் பார்க்கச் சொல்கிறது. இரவு ஒன்றின் உறக்கம் கெட்டாலும் இந்தப் பாடம் பெறத்தக்கதே.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும், கேள்வி கேட்ட அந்தத் தாயாரிடமே முதலில் காட்ட வேண்டும் என்று அவர் மகளிடம் கொடுத்தனுப்பினோம். கூடவே கதைத் தொகுப்பையும் தமிழம்மா கொடுத்தார். ஒரு வாரமாயிற்று, விடை வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று அஞ்சித் தோழியைக் கேட்டோம். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன செய்தி இதுதான். அவள் இப்போது நேரத்தோடு படுத்துவிடுகிறாளாம். ஆனால் உறங்கத்தான் முடியவில்லையாம். நள்ளிரவு வரை விளக்கை அணைக்க விடாமல் உட்கார்ந்திருப்பவர் அவள் அம்மா. புத்தகத்தில் இன்னும் 20 பக்கம் பாக்கி இருக்கிறதாம்!